ஐம்பது கோதுகளும் ஒரு ஓமும்

சுழல்துப்பாக்கி ஒன்று வாங்க அனுமதி கேட்டு என் மனைவி பொலிசாருக்கு எழுதிய விண்ணப்பம் மூன்று கிழமையாக அவளுடைய மடிக்கணினியில் அனுப்பப்படாமல் கிடந்தது. எல்லாக் கட்டங்களையும் நிரப்பியிருந்தாள். துப்பாக்கிக் கழகம் கொடுத்த கடிதத்தையும் இணைத்திருந்தாள். கடைசிப் பொத்தானை மட்டும் அழுத்தவில்லை.

"நீங்கள் ஓம் எண்டால் அனுப்புவன். இல்லையெண்டால் அழிச்சுப்போட்டு என்ரை வேலையைப் பாப்பன். ஆனால் வாய் திறந்து சொல்லோணும். முகத்தைத் தூக்கி வைச்சுக்கொண்டு திரியிறதெல்லாம் பதில் இல்லை" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

நோர்வேச் சட்டத்தில் புருசனிடம் கேட்க வேண்டும் என்று ஒரு வரியும் இல்லை. அவளாகத்தான் கேட்டாள். கேட்காமல் அனுப்பியிருந்தால் ஒரு பாட்டம் கத்திவிட்டு அடங்கியிருப்பேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வந்த வேகத்திலேயே போய்விடும். இருபத்தைந்து வருடமாக என்னோடு குடும்பம் நடத்துகிறவளுக்கு அது தெரியாதா? தெரிந்துதான் கேட்டாள். அதனால்தான் கத்தவும் முடியவில்லை, பதில் சொல்லவும் முடியவில்லை.

நான் ஒஸ்லோவில் பஸ் ஓட்டுகிறேன். அவள் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்கிறாள். அம்மருட் என்ற புறநகரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். ஒரே மகள் படிக்கவென்று வேறு நகரத்துக்குப் போய்விட்டாள். பிள்ளை போனபிறகு மற்ற அம்மாமார் கோயில் மண்டபத்தில் கூடுதல் பொறுப்பு எடுப்பார்கள், அல்லது நடைப்பயிற்சிக்குக் கூட்டம் சேர்ப்பார்கள். இவளை, கூட வேலை செய்கிற ஒரு நோர்வேப் பெண், அறுபதைத் தாண்டியவள், தன்னுடைய துப்பாக்கிக் கழகத்தில் திறந்தநாள் என்று ஒரு சனிக்கிழமை கூப்பிட்டாள். வாஃபிள் சுடுவார்கள் என்றும் சொன்னாளாம். வாஃபிள் தின்னப் போனவள், பாதுகாப்புப் பயிற்சியை முடித்து, ஆறு மாதத்துக்கு மேலாக ஒவ்வொரு சனியும் போய்க்கொண்டிருந்தாள்.

கழகத்துக்குப் போய் அந்தத் தோழியின் துப்பாக்கியால் சுட்டுவிட்டு வருகிறவரை நானும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். சிக்கல் வந்தது அந்தத் தோழியின் மணிக்கட்டால். மூட்டுவாதம் வந்து அவளால் இனிச் சுட முடியாது. தன்னுடைய சுழல்துப்பாக்கியை விற்கப் போகிறாள். இவளுக்குப் பிடித்த அந்த அளவுத் தோட்டா சுடுகிற வேறு துப்பாக்கி கழகத்தில் இல்லை. மாதம் முடிவதற்குள் என் மனைவி விண்ணப்பிக்காவிட்டால் அது இன்னொருவருக்குப் போய்விடும்.

"வீட்டுக்குள்ளை துவக்கோ? அதுக்குத்தானோ அவ்வளவு தூரம் ஓடி வந்தனாங்கள்?" என்று கேட்டேன்.

"இரும்புப் பெட்டகத்துக்குள்ளை பூட்டி, சுவரோடை போல்ட் அடிச்சு இருக்கும். சட்டம் அப்பிடி."

"எங்கை வைக்கப் போறீர்?"

"சாமான் அறைக்குள்ளை. அரிசி மூட்டைக்குப் பக்கத்திலை."

"அரிசிக்குப் பக்கத்திலையோ!"

அரிசிக்கு என்ன வந்துவிடும் என்று எனக்கே தெரியாது. ஆனால் அன்றைக்கு அரை மணித்தியாலம் அந்த அரிசிக்காகத்தான் சண்டை பிடித்தேன். பிறகு மகளைத் தொலைபேசியில் கூப்பிட்டு முறையிட்டேன். "அப்பா, ஸ்லாப் ஆவ். அது அம்மான்ரை இட்ரெட்" என்றாள். நோர்வே மொழியில், ஆறுதலாக இரு, அது அம்மாவின் விளையாட்டு என்று அர்த்தம். விளையாட்டாம்.

நான் ஊரை விட்டு வெளிக்கிட்டது பத்தொன்பது வயதில். அதற்கு முந்தின இரண்டு வருடம் கேட்ட வெடிச்சத்தம் இன்னும் என்னை விடவில்லை. பஸ்ஸுக்குள் யாராவது ஒரு போத்தலை விழுத்தினாலும் தோள் தானாக உயரும். அவளோ எனக்குப் பிறகும் பத்து வருடத்துக்குக் கிட்ட அங்கேயே இருந்தவள். பங்கருக்குள் இருந்து படித்துச் சோதனை எழுதியவள். கலியாணம் முடித்து இங்கே வந்தபிறகு, ஒவ்வொரு வருடப் பிறப்புக்கும் வாணம் விடத் தொடங்கினால் குளியலறைக்குள் போய் விசிறியைப் போட்டுவிட்டு இருந்துவிடுவாள். நான் தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுபோய்க் கதவடியில் வைப்பேன். அதைப் பற்றி நாங்கள் ஒருநாளும் கதைத்ததில்லை. அப்படிப்பட்டவள் துவக்கைத் தூக்கினால் மனிதனுக்கு விசர் பிடிக்காதா?

இதில் என்னைக் கூடுதலாகக் குழப்பியது அவள் அந்தத் தோட்டாவில் வைத்திருந்த பிரியம். முதல் நாள், புதிதாக வருகிறவர்களுக்குக் கொடுக்கிற சின்னத் தோட்டாவைத்தான் அவளுக்கும் கொடுத்தார்களாம். "சுள்ளெண்டு காதுக்குள்ளை குத்திச்சு. வைச்சிட்டு வெளியிலை வந்திட்டன்" என்றாள். வீட்டுக்குப் போகக் காலணியை மாட்டிக்கொண்டிருந்தபோது அந்தத் தோழி பின்னால் வந்து, தன்னுடைய பெட்டியிலிருந்து ஒரு தோட்டாவை எடுத்து இவளுடைய உள்ளங்கையில் வைத்திருக்கிறாள். இவள் காலணியைக் கழற்றிவிட்டுத் திரும்ப உள்ளே போனாளாம்.

அதே மாதிரி ஒன்றை, வெடிமருந்து இல்லாத வெறும் மாதிரித் தோட்டாவை, பிறகு அவள் எனக்கும் காட்டினாள். சின்ன விரல் பருமன். பித்தளைக் கோது, நுனியில் சாம்பல் நிற ஈயம். கையில் வைத்தால் கனம் தெரியும். நாற்பத்துநாலு ஸ்பெஷல் என்று பெயர்.

"இது மெதுவாப் போறது. சத்தத்தை முந்தாது. சத்தத்தை முந்திப் போறதுகள்தான் வழி முழுக்கக் காற்றைக் கிழிச்சுக்கொண்டு போறது. ஊரிலை எங்கடை தலைக்கு மேலாலை போனதெல்லாம் அந்தச் சாதி. இது பனங்காய் விழுற மாதிரி, தொம். அவ்வளவுதான்."

பஸ் ஓட்டுகிறவனுக்கு இயந்திரங்களில் ஒரு சபலம் இருக்கும். கோபமாக இருந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன். அவளும் வெங்காயம் உரித்தபடியே சொல்லிக்கொண்டு போனாள். இதற்கு ஒரு குடும்பம் இருக்கிறதாம். பெரியவர் நூற்றைம்பது வருடத்துக்கு முந்தி ரஷ்யப் படைக்கென்று அமெரிக்காவில் பிறந்தவர். அந்தக் காலத்தில் கரிமருந்து. கோது முட்ட நிரப்பினால்தான் வேலை செய்யும், சுட்டால் அறை முழுக்கப் புகை. அவருடைய கோதை ஒரு நூல் நீட்டித்தான் இந்த நாற்பத்துநாலு ஸ்பெஷலைச் செய்தார்கள். ஆனால் இது பிறந்த நேரத்தில் புகையில்லாத மருந்து வந்துவிட்டது. அதில் கொஞ்சம் போட்டாலே காணும்.

"அப்ப கோதுக்குள்ளை மிச்ச இடம்?"

"சும்மா வெறுமை. பழைய அளவிலை சட்டை தைச்சு வைச்சிட்டினம், ஆள் மெலிஞ்சு போச்சு."

அந்த வெறும் இடம் சில ஆண்களின் கண்ணைக் குத்தியிருக்கிறது. இவ்வளவு இடம் இருக்க ஏன் இவ்வளவு கொஞ்சம் என்று மருந்தை அள்ளிப் போட்டு, துப்பாக்கிகளை வெடிக்க வைத்து, கடைசியில் அதற்கென்றே பலமான துப்பாக்கி செய்து, தோட்டாவை இன்னும் கொஞ்சம் நீட்டி மக்னம் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். நீட்டியதே அது பழைய துப்பாக்கிக்குள் போகக்கூடாது என்பதற்காக. போனால் துப்பாக்கி பிளந்துவிடும். இது மட்டும் புதிய துப்பாக்கிக்குள்ளும் போகும், பழையதற்குள்ளும் போகும்.

"மக்னத்தைத்தான் எல்லாருக்கும் தெரியும். அதைச் சுட்டால் கை தோள்வரைக்கும் அதிரும், ஆம்பிளையளுக்கு அது பெருமை. இது நடுப்பிள்ளை. மூத்தவரின்ரை சட்டையைப் போட்டுக்கொண்டு, இளையவருக்கு இடம் விட்டிட்டுத் தன்ரை பாட்டிலை இருக்கு. ஆனால் சொன்ன இடத்திலை போய் நிக்கும்."

அவளும் வீட்டில் நடுப்பிள்ளை. அதை நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வெங்காயத்தோலை என் தலையில் கொட்டியிருப்பாள்.

கழகத்தில் அவளுக்கென்று ஐம்பது கோதுகள் கொடுத்திருந்தார்கள். சுட்டபின் எறிவதில்லை, சுத்தம் செய்து, தோழியின் மேற்பார்வையில் அங்கே திரும்ப நிரப்பிச் சுடுவார்கள். அந்த வெறுங்கோதுகளை ஒரு பிளாஸ்ரிக் பெட்டிக்குள் வரிசையாக அடுக்கி வீட்டுக்குக் கொண்டுவருவாள். "என்ரை ஐம்பது" என்றுதான் சொல்லுவாள். பிள்ளைகளைச் சொல்லுவது போல இருக்கும்.

மூன்றாவது கிழமை நவராத்திரி தொடங்க இருந்தது. எங்கள் வீட்டில் குத்துவிளக்கு மினுக்குவது என் வேலை. பழப்புளியை உப்போடு கரைத்து, விளக்கைத் தேய்த்துக் கழுவி நிமிர்த்தினேன். பக்கத்தில் அவளுடைய பெட்டி இருந்தது. ஐம்பதும் கறுத்துப்போய் இருந்தன. அவள் வேலைக்குப் போயிருந்தாள். அன்று காலையிலும் அவள் ஒன்றும் கேட்கவில்லை, நானும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அவள்மேல் பாவமாக இருந்தது, என்மேல் கோபமாக இருந்தது. வாயால் வராததைக் கையால் செய்துவிடுவோம் என்று நினைத்தேன். அதுவும் பித்தளை, இதுவும் பித்தளை. ஐம்பதையும் புளிக்கரைசலுக்குள் போட்டேன். விளக்கைவிடக் கறுப்பு கூட என்பதால் இன்னும் இரண்டு உருண்டை புளி, இரண்டு கை உப்பு, கொதிதண்ணீர். நல்லாக ஊறட்டும் என்று மூடி, சலவை இயந்திரத்துக்குப் பின்னால் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். போன இடத்தில் ஒருவர் வராததால் அவருடைய ஓட்டமும் என் தலையில் விழுந்தது. மறுநாள் மத்தியானம்தான் ஞாபகம் வந்தது.

மூடியைத் திறந்தால் எல்லாம் இளஞ்சிவப்பு. பளபளவென்று, அன்றைக்குப் பிறந்தது மாதிரி. எனக்குப் பெருமை தாங்கவில்லை. கழுவித் துடைத்து, அதே பெட்டிக்குள் அடுக்கி, மேசை நடுவில் வைத்துவிட்டு அவள் வரும்வரை காத்திருந்தேன்.

அவள் ஒன்றை எடுத்து யன்னலடியில் பிடித்துப் பார்த்தாள். "என்ன போட்டனீங்கள்?" என்றாள். சொன்னேன். கதிரையில் இருந்து கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்று, ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். அவை பழுதாகிவிட்டன என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் அன்று பின்னேரம் பெட்டியோடு தோழியிடம் போனாள். புளிப்பில் நெடுநேரம் கிடந்தால் பித்தளையிலிருந்து துத்தநாகம் கழன்றுவிடுமாம். மிஞ்சுவது செம்பு நிறம் மட்டும். பலம் போய்விடும், சுட்டால் பிளக்கும். ஐம்பதையும் கழிவு உலோகம் போடுகிற தொட்டிக்குள் கொட்டிவிட்டு வந்தாள். உன் புருசன் நல்லவர், ஆனால் இனி ஒன்றையும் தொடவிடாதே என்று தோழி சொல்லிவிட்டாளாம்.

"ஓம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லக் கஷ்டப்பட்டு, ஐம்பது கோதைச் சாக்காட்டிப் போட்டியள்" என்றாள்.

"அது ஓம் எண்டு ஆர் சொன்னது?"

"அப்ப அது என்ன?"

தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அவள் என் கையை எடுத்துப் பார்த்தாள். விரல் நுனிகளில் புளிக்கறை இன்னும் போகவில்லை.

"சனிக்கிழமை என்னோடை வாங்கோ. ஒருக்கால் இருந்து கேளுங்கோ. கேட்டாப் பிறகு இல்லை எண்டு சொன்னாலும் எனக்குச் சரி. கேளாமல் சொல்லாதேங்கோ."

போனேன். ஒரு பாடசாலையின் கீழே படியிறங்கிப் போக வேண்டும். கடைசிப் படியில் ஒரு பாரமான இரும்புக் கதவு, இரண்டு பெரிய நெம்புகோல்களோடு. உள்ளே தடித்த கொங்கிரீட் சுவர், தாழ்ந்த கூரை. நான் அப்படியே நின்றுவிட்டேன்.

"இது பங்கரெல்லோ!"

"ஓம். சண்டை வந்தால் ஒளிக்கக் கட்டினதாம். வராததாலை சுடப் பழகீனம்" என்றாள். அவள் குனிந்து உள்ளே போன விதத்தில் ஒரு தயக்கமும் இருக்கவில்லை.

பின்னால் கிடந்த நீள வாங்கில் என்னை இருத்தி, காதுக்கவசத்தை மாட்டிவிட்டாள். பேச்சை உள்ளே விட்டு, பெரிய சத்தத்தை மட்டும் அடைக்கிற வகை அது. பாதுகாப்புக் கண்ணாடியையும் அவளே போட்டுவிட்டாள். அங்கே ஐந்து ஐந்தாகத்தான் சுடுவார்கள். தோழியின் துப்பாக்கியில், கழகம் இரவல் கொடுத்த ஐந்து தோட்டாக்களை ஒவ்வொன்றாக இட்டாள். எங்கள் வீட்டில் ஊசியில் நூல் கோர்க்கிறபோது இருக்கிற அதே முகம். பிறகு நிமிர்ந்து, கைகளை நீட்டினாள்.

முதல் வெடியோடு நான் நிலத்தில் கிடந்தேன். விழுவோம் என்று நான் முடிவெடுக்கவில்லை. கன்னத்தில் இறப்பர் விரிப்பு குளிராக முட்டியபோதுதான் தெரிந்தது. அங்கே நின்ற நாலைந்து நோர்வேக்காரர் மரியாதையாக மறுபக்கம் திரும்பிக்கொண்டார்கள். அவள் பதறவில்லை. துப்பாக்கியைத் திறந்து வெறுமையாக்கி, மேசையில் வைத்து, பொறுப்பாளருக்குக் கையைக் காட்டிவிட்டு வந்து, எனக்குப் பக்கத்தில் அதே நிலத்தில் இருந்தாள்.

"அடிபட்டிட்டுதோ?"

"இல்லை. வெக்கமாக் கிடக்கு."

"ஆருக்கு முன்னாலை வெக்கம்? முதல் நாள் நானும் உதிலைதான் கிடந்தனான். வெளியிலை வந்திட்டன் எண்டு உங்களுக்குச் சொன்னது பொய். ரெண்டு பேர் தூக்கி இருத்தினவை."

நான் அவளைப் பார்த்தேன். ஆறு மாதமாக இதைப் பற்றி அவள் ஒரு சொல் சொல்லவில்லை.

"பங்கருக்குள்ளை இருக்கேக்கை எனக்குச் சத்தம் பயமில்லை" என்றாள். "அடுத்தது எப்ப எண்டு தெரியாததுதான் பயம். காத்துக்கொண்டு இருக்கிறது. இஞ்சை வந்தும் காத்துக்கொண்டுதான் இருந்தனான், இவ்வளவு வருசமும். இது நான் விரலை அசைக்காமல் வராது. நாள் முழுக்க நிண்டாலும் வராது. அதுதான் எனக்கு இது வேணும்."

இவ்வளவு காலம் நான் அவளுடைய பயத்துக்காக வேண்டாம் என்று சொல்வதாகத்தான் நினைத்திருந்தேன். பொய். வேண்டாம் என்றது என் பயம். அவளைவிடக் குறைவாகக் கேட்டவன், முதலில் ஓடியவன், அவளுக்குக் கிடைத்த ஒரே மருந்தைப் பூட்டி வைக்கப் பார்த்தேன். அதை நினைத்தபோது எனக்கு அங்கேயே அழுகை வந்தது. அழுதேன். அவள் தன் சட்டைக் கையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"நீர் மிச்சத்தையும் சுடும். நான் இருக்கிறன்" என்றேன்.

"கண்ணை மூடினாலும் பரவாயில்லை. ஒவ்வொண்டுக்கும் முதல் சொல்லுறன்."

திரும்ப வாங்கில் இருந்தேன். அவள் மீதி நாலையும் இட்டு, கைகளை நீட்டினாள். "இப்ப" என்றாள். பிறகு சுட்டாள். நான் வாங்கின் விளிம்பை இறுக்கிப் பிடித்தேன், விழவில்லை. "இப்ப" என்றாள். கண்ணை மூடிக்கொண்டேன். மூன்றாவதற்கு நேரம் எடுத்தாள். "ஏன் சுடேல்லை?" என்று கேட்டேன். "நீங்கள் இன்னும் மூச்சு விடேல்லை" என்றாள், திரும்பாமலே. மூச்சை விட்டேன். "இப்ப" என்றாள். அந்தச் சத்தத்தை முதல்தடவையாகச் சரியாகக் கேட்டேன். கிழிக்கவில்லை. தொம் என்று வந்து, சுவரில் பட்டு, முடிந்துபோனது. அவளுக்கு அந்தப் பத்து வருடத்தில் ஒருவரும் சொல்லாத சொல்லை எனக்கு ஒவ்வொரு தடவையும் சொல்லிக்கொண்டு நின்றாள்.

கடைசி ஒன்று இருந்தது. அவள் சொல்லவில்லை.

"இதை நீங்கள் சொல்லுங்கோ" என்றாள். "நீங்கள் சொன்னால்தான் சுடுவன்."

அங்கே நின்றவர்களுக்குத் தமிழ் தெரியாது. என்ன நடக்கிறது என்று விளங்காமல் பொறுமையாக நின்றார்கள். அவளுடைய நரைத்த பின்னலையும், சுருக்கம் விழுந்த கழுத்தையும், கொஞ்சமும் உயராத தோள்களையும் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்ப என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"ஓம்" என்றேன்.

"இதுக்கோ, விண்ணப்பத்துக்கோ?"

"ரெண்டுக்கும்."

அவள் சுட்டாள். நான் கண்ணை மூடவில்லை. துப்பாக்கியைத் திறந்து மேசையில் வைத்தாள். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, நெடுநேரம் என் பக்கம் திரும்பாமல் நின்றாள்.